நின்றே கிடக்கும் காரின் பேட்டரியும் மெயின்டெய்னரின் வேலையும்

பல நாட்கள் நிறுத்தியே வைத்திருக்கும் காரை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டால் பேட்டரி இறங்காது என்பது கார் வைத்திருப்பவர்களிடையே பரவலாக உள்ள நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்பதில்லை. நடுத்தர அளவுள்ள எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் 150 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும் என்றாலும், அந்த இழுப்பு ஓரிரு விநாடிகளுக்கு மேல் நீடிப்பதில்லை. 200 ஆம்பியரை இரண்டு விநாடிக்கு எடுத்தால் செலவாவது சுமார் 0.11 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் அளவு) மட்டுமே. பூட்டி நிறுத்திய கார், எந்த வேலையும் செய்யாமல் நிற்கும்போதே, 40 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.96 ஆம்பியர்-மணி போய்விடும். அதாவது ஒருமுறை செல்ஃப் எடுப்பதற்கு ஆகும் செலவை, கார் சும்மா நின்றே மூன்று மணி நேரத்துக்குள் செய்துவிடுகிறது. எப்போதாவது ஓட்டப்படும் காரின் பேட்டரியைக் காலி செய்வது ஸ்டார்ட் செய்வதல்ல, நிறுத்தி வைப்பதுதான். மெயின்டெய்னர் எனப்படும் சிறிய பராமரிப்பு சார்ஜர் எதற்கு என்பது இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

1912-இல் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் இடம்பெற்றபோது பேட்டரிக்கு இருந்த வேலை எஞ்சினைச் சுழற்றுவதும், தீப்பொறிக்கும் விளக்குகளுக்கும் மின்சாரம் தருவதும்தான். நிறுத்தி அணைத்துவிட்டால் மின்சாரம் கேட்க அந்தக் காரில் எதுவும் இருக்கவில்லை. இன்றைய காரிலோ பூட்டிய பிறகும் திருட்டு எச்சரிக்கைக் கருவி விழித்திருக்கிறது, ரிமோட் சாவியின் குறிப்பை வாங்கும் கருவி காத்திருக்கிறது, எஞ்சின் கணினியும் மற்ற கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் நினைவகத்தைத் தக்கவைக்கச் சிறிது மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. கதவைப் பூட்டியதும் இவை உடனே உறங்கிவிடுவதில்லை. ஒவ்வொன்றாக அடங்க அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை பல ஆம்பியர்கள்கூட ஓடக்கூடும். எல்லாம் அடங்கியபின் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது இயல்பு. சாவியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கதவைத் திறக்கும் வசதியுள்ள கார்களில், சாவியைக் காருக்கு மிக அருகில் மாட்டி வைத்தால், சில கார்கள் அதை உணர்ந்து அடிக்கடி விழித்துக்கொள்ளும். அத்தகைய காரின் உறக்க நேர இழுப்பை அளந்து பார்த்தவர்கள் சாவியை வீட்டின் மறு கோடிக்கு மாற்றிவிடுவார்கள்.

இதற்கு மேல், எதனோடும் இணைக்காமல் தனியே வைத்தாலும் பேட்டரி தானாகவே மெல்ல இறங்கும். தகடுகளின் சட்டத்துக்குக் கால்சியம் கலந்த ஈயத்தைப் பயன்படுத்தும் இன்றைய பேட்டரிகளில் இந்த இழப்பு மாதத்துக்கு ஒரு சில விழுக்காடுதான். ஆன்டிமனி கலந்த பழைய வகைகளில் இது கூடுதல். வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயரும்போதும் இந்த இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால் வெயிலில் காயும் காரில் இது புறக்கணிக்கத்தக்கதல்ல. இரண்டையும் கூட்டினால், 60 ஆம்பியர்-மணிப் பேட்டரி நான்கு வாரங்களில் பாதியாகிவிடும். இரண்டு மாதத்தில் ஏறக்குறையக் காலி.

காலியானால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. கைப்பேசி பேட்டரிக்குப் பழகிய நமக்கு, பாதி இறங்கிய பேட்டரி என்பது காத்திருக்கும் ஒரு நிலை மட்டுமே. ஈய-அமிலப் பேட்டரியில் அது ஒரு நோய்நிலை. 1859-இல் காஸ்டோன் பிளாந்தே உருவாக்கியபோது இருந்த அடிப்படை வேதியியலே இன்றும் காரின் பானெட்டுக்குள் இருக்கிறது: ஒரு பக்கம் ஈயம், மறு பக்கம் ஈய டை ஆக்சைடு, நடுவே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்கும்போது இரு பக்கத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. ஏற்றும்போது இந்தச் சல்பேட் மீண்டும் பிரிந்து, அமிலம் பழைய அடர்த்தியைப் பெறுகிறது. புதிதாகப் படிந்த சல்பேட் நுண்ணிய துகள்களாக இருப்பதால் எளிதில் பிரிந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால், உப்பு நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படிவு இறுகுவதைப் போல, அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய படிகங்களாக வளர்ந்து கெட்டிப்படும். அதன்பின் எவ்வளவு மின்சாரம் செலுத்தினாலும் அவற்றில் ஒரு பகுதி கரையாது. கரையாத அளவுக்குத் தகட்டின் பரப்பு நிரந்தரமாகப் பயனிழக்கிறது. சல்பேட் படிதல் என்று பேட்டரி பழுது பார்ப்பவர்கள் சொல்வது இதைத்தான்.

கார் பேட்டரியின் கட்டமைப்பும் இதற்குத் துணைபோகிறது. நொடிப்பொழுதில் பெரிய மின்னோட்டம் தர வேண்டியிருப்பதால் அதன் தகடுகள் மெல்லியவையாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருக்கும். ஆழமாகக் காலியாவதையும் மறுபடி நிரம்புவதையும் தாங்குவதற்கு அவை செய்யப்படவில்லை. முழுதாகக் காலியான நிலைக்குச் சில முறை போய்வந்தாலே அதன் கொள்ளளவு கண்கூடாகக் குறையும். குளிர்ப் பிரதேசங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முழுதும் ஏற்றப்பட்ட பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போனால்தான் உறையும். காலியான பேட்டரியில் இருப்பது பெரும்பாலும் நீர் என்பதால் மைனஸ் 10 டிகிரிக்குள்ளாகவே உறைந்து பெட்டியை வெடிக்கச் செய்துவிடலாம்.

பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சாதாரண மல்டிமீட்டரே சொல்லிவிடும். சில மணி நேரம் எதுவும் ஏற்றாமல், எதுவும் எடுக்காமல் விட்டு அளக்கும்போது 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.4 என்றால் முக்கால் பங்கு; 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. கண்ணாடியிழைப் பஞ்சில் அமிலத்தை ஊறவைத்திருக்கும் ஏஜிஎம் வகையில் இந்த அளவுகள் சற்று உயர்வாக இருக்கும். 12.6-க்கும் 12.0-க்கும் இடையே உள்ள வேறுபாடு அரை வோல்ட்டுக்குச் சற்றே அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். "பன்னிரண்டு வோல்ட் இருக்கிறது, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஆறுதல் கொள்பவர், உண்மையில் முக்கால் பங்கு காலியான பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 12.4-க்குக் கீழே இறங்கிய பேட்டரியைப் பல வாரங்கள் அப்படியே விடக்கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை.

இப்போது அந்தப் பத்து நிமிட ஓட்டத்துக்குத் திரும்பலாம். நாளுக்கு 0.96 என்ற கணக்கில் ஒரு வாரத்தில் 6.7 ஆம்பியர்-மணி போயிருக்கும். எஞ்சின் ஐடிலில், அதாவது கார் நகராமல் மெதுவாக ஓடும்போது, எஞ்சினால் சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனைத் தருவதில்லை. தருவதிலும் ஒரு பகுதியை எரிபொருள் பம்பும் விசிறியும் கணினிகளும் எடுத்துக்கொள்ளும். பேட்டரிக்குள் 10 ஆம்பியர் ஏறுவதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் சேர்வது 1.7 ஆம்பியர்-மணிக்கு மேல் இல்லை. வாரத்துக்கு 5 ஆம்பியர்-மணி கடன் சேர்ந்துகொண்டே போகும். இருபது நிமிடம், முப்பது நிமிடம் என்று கூட்டினாலும் சிக்கல் முழுதாகத் தீர்வதில்லை. ஏனெனில் பேட்டரி நிறைய நிறைய, அது ஏற்றுக்கொள்ளும் மின்னோட்டமும் குறைந்துகொண்டே வரும். கடைசி 20 விழுக்காட்டை ஏற்றுவதற்கு எந்த ஆல்டர்னேட்டராலும் விரைவுபடுத்த முடியாத பல மணி நேரம் தேவை. அதோடு, அண்மைக்காலக் கார்கள் பலவற்றில் எரிபொருள் சிக்கனத்துக்காக ஆல்டர்னேட்டரைக் கணினியே கட்டுப்படுத்துகிறது. பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் ஆற்றலுக்கு இடம் விட்டு வைக்க, பேட்டரியை அது வேண்டுமென்றே 80 விழுக்காடு அளவில்தான் வைத்திருக்கும். நெடும்பயணம் போய் வந்த காரின் பேட்டரிகூட முழுதாக நிறைந்திருக்காது என்பது பலருக்கு வியப்பளிக்கும் செய்தி. சூடேறும் முன்பே அணைக்கப்படும் எஞ்சினின் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் நீர் தேங்குவது இந்தப் பழக்கத்தின் கூடுதல் தீமை.

சுவர் பிளக்கில் செருகி, சிறிய மின்னோட்டத்தை இடைவிடாது செலுத்தும் கருவிகள் நெடுங்காலமாகவே உள்ளன. அவற்றில் பழைய வகை, பேட்டரி நிறைந்துவிட்டதா இல்லையா என்று பார்ப்பதே இல்லை. அரை ஆம்பியரோ ஒரு ஆம்பியரோ போய்க்கொண்டே இருக்கும். நிறைந்த பேட்டரிக்குள் நுழையும் மின்சாரம் வேறு வேலையின்றி நீரைப் பிரிக்கும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழிகளாக வெளியேறும். நேர்முனைத் தகட்டின் ஈயச் சட்டம் அரிக்கப்படும். பட்டினியால் சாகும் பேட்டரியைக் காக்கப்போய் அளவுமீறி ஊட்டிக் கொல்வது இப்படித்தான் நடந்தது. சார்ஜரை மாதக்கணக்கில் செருகி வைக்கலாமா என்று இன்றும் பலர் அஞ்சுவதற்கு இந்தப் பழைய கருவிகளே காரணம். அந்த அச்சம் அவற்றைப் பொறுத்தவரை முற்றிலும் நியாயமானது.

மெயின்டெய்னர் வேறுபடுவது, எப்போது கொடுக்கக்கூடாது என்று அறிந்திருப்பதில். முதலில் தன்னால் தரக்கூடிய முழு மின்னோட்டத்தையும் செலுத்துகிறது. பேட்டரியின் அழுத்தம் 14.4 வோல்ட் அளவை எட்டியதும் அந்த அழுத்தத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு, மின்னோட்டம் தானாகக் குறைய விடுகிறது. அது மிகச் சிறிய அளவுக்கு வந்ததும், பேட்டரி நிறைந்துவிட்டதாகக் கொண்டு அழுத்தத்தை 13.2 முதல் 13.6 வோல்ட்டுக்குள் இறக்கிவிடுகிறது. இந்த மூன்றாம் கட்டம்தான் மெயின்டெய்னரின் சாரம். 13.5 வோல்ட் என்பது நிறைந்த பேட்டரியின் இயல்பான அழுத்தத்தைவிடச் சற்று உயர்ந்தது என்பதால் சல்பேட் படிய வாய்ப்பில்லை. நீர் பெருமளவில் பிரியத் தொடங்கும் அளவைவிடத் தாழ்ந்தது என்பதால் குமிழிகளும் இல்லை. இந்நிலையில் பேட்டரிக்குள் போவது சில பத்து மில்லி ஆம்பியர்தான். காரின் உறக்க நேர இழுப்பையும் மெயின்டெய்னரே சுமப்பதால் பேட்டரி நாள் முழுவதும் எதையும் இழப்பதில்லை. சில கருவிகள் இடைவிடாது பிடித்திருப்பதற்குப் பதிலாக முற்றிலும் நிறுத்திக்கொண்டு, அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வந்ததும் மறுபடி சிறிது ஏற்றும். இரண்டு முறைகளும் ஏற்கத்தக்கவையே.

வெப்பநிலை இங்கும் குறுக்கிடுகிறது. மேலே சொன்ன அளவுகள் ஏறத்தாழ 25 டிகிரிக்கு உரியவை. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் தேவையான அழுத்தம் சுமார் 0.02 வோல்ட் குறைய வேண்டும். குளிர்ந்தால் அதே அளவு கூட வேண்டும். 40 டிகிரிக் கொட்டகையில் 13.5 என்பது ஏறத்தாழ 0.3 வோல்ட் மிகை. உறைநிலையில் அதுவே அரை வோல்ட் குறை. வெப்பத்தை உணர்ந்து தானே சரிசெய்துகொள்ளும் கருவிக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பது, குறிப்பாக வெப்ப நாடுகளில், வீண் செலவல்ல.

பேட்டரியின் வகைக்கு ஏற்ற நிலையைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். நீர் ஊற்றும் சாதாரண வகையும் ஏஜிஎம் வகையும் ஏறக்குறைய ஒரே அழுத்தங்களில் இயங்கும் என்றாலும், அமிலத்தைக் கூழாக்கி அடைத்த ஜெல் வகைக்கு உச்ச அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். மீறினால் ஜெல்லுக்குள் உண்டாகும் வாயு வெற்றிடங்கள் நிலைத்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு ஈய-அமில மெயின்டெய்னரைப் பொருத்தவே கூடாது. அதற்கு எப்போதும் நிறைந்திருக்க வேண்டிய தேவை இல்லை. 0 டிகிரிக்குக் கீழே ஏற்றினால் அது கெட்டுவிடும். மெயின்டெய்னரின் ஆம்பியர் அளவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. நிறைந்த பேட்டரியை நிறைவாகவே வைத்திருக்க ஒரு ஆம்பியர் தாராளம். ஆனால் பாதி காலியான 60 ஆம்பியர்-மணிப் பேட்டரியை 0.8 ஆம்பியர் கருவியில் மாட்டிவிட்டு மறுநாள் காலை கிளம்ப நினைக்கக்கூடாது. அதற்கு 40 மணி நேரத்துக்கும் மேலாகும்.

பல கருவிகளின் பெட்டியில் "சல்பேட் நீக்கும்" என்ற விளம்பரம் இருக்கும். உயர் அழுத்தத்திலோ துடிப்புகளாகவோ மின்சாரம் செலுத்தி, படிகங்களைக் கரைப்பதாகச் சொல்வது அது. அண்மையில் படிந்தவற்றில் ஓரளவு பயன் கிடைக்கலாம். பல மாதம் காலியாகக் கிடந்து இறுகிப்போன தகடுகளை அது மீட்டுத் தரும் என்று நம்பிப் பணம் செலவழிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். 15 வோல்ட்டுக்கு மேல் செல்லும் சீரமைப்பு நிலைகளைக் காரோடு இணைத்திருக்கும்போது இயக்குவது காரின் மின்னணுக் கருவிகளுக்கு ஆபத்தாகலாம். அதைச் செய்வதானால் பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துச் செய்வதே முறை. முற்றிலும் காலியான பேட்டரியில் மாட்டினால் சில மெயின்டெய்னர்கள் இயங்கவே மறுக்கும். எதிரே பேட்டரி இருக்கிறது என்று உணரவே அவற்றுக்குக் குறைந்தபட்ச அழுத்தம் தேவைப்படுவதுதான் காரணம்; கருவி பழுது என்று எண்ண வேண்டாம்.

இணைப்பது எளிது, ஆனால் வரிசை உண்டு. சுவர் பிளக்கைச் செருகும் முன் சிவப்புக் கிளிப்பைப் பேட்டரியின் நேர்முனையிலும், கறுப்புக் கிளிப்பைப் பேட்டரியிலிருந்து சற்று விலகி எஞ்சினின் அல்லது உடற்பகுதியின் வண்ணம் பூசாத உலோகத்திலும் மாட்ட வேண்டும். கழற்றும்போது பிளக்கை முதலில் எடுத்துவிட்டு, கறுப்பு, பிறகு சிவப்பு. விலகி மாட்டச் சொல்வது தீப்பொறிக்கு அஞ்சித்தான். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பிடிக்கும். எனவே காற்றோட்டமும் தேவை. எதிர்முனையில் சிறிய உணரி பொருத்தப்பட்ட கார்களில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே போகும், வெளியே வரும் மின்சாரத்தை அந்த உணரி கணக்கு வைத்துக்கொள்கிறது. கறுப்புக் கிளிப்பை நேரே பேட்டரி முனையில் மாட்டினால், மெயின்டெய்னர் ஏற்றியது அந்தக் கணக்கில் சேராமல், நிறைந்த பேட்டரியைக் கார் காலி என்றே எண்ணிக்கொள்ளும். டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ பேட்டரி இருக்கும் கார்களில் பானெட்டுக்குள் இதற்கெனவே முனைகள் தரப்பட்டிருக்கும். காரின் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது. மாதக்கணக்கில் மாட்டி வைக்கப்போகிறவர்களுக்குக் கிளிப்பைவிட, ஃபியூஸுடன் கூடிய வளைய முனை வயரை நிலையாகப் பொருத்தி, அதன் மறுமுனையில் செருகிக்கொள்வது மேல். மின்வெட்டு உள்ள இடங்களில், மின்சாரம் திரும்பியதும் கருவி விட்ட இடத்திலிருந்து தானே தொடங்குகிறதா, பொத்தானை மறுபடி அழுத்தும்வரை காத்திருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிறுத்தும் இடத்தில் பிளக் இல்லாதவர்கள் பெரும்பாலும் எதிர்முனை வயரைக் கழற்றி வைக்கிறார்கள். அது காரின் இழுப்பை நிறுத்தும். தானாக இறங்குவதை நிறுத்தாது. இரண்டு மூன்று மாதங்களுக்கு அது போதுமான வழியே. ஆனால் எச்சரிக்கைக் கருவி செயலிழக்கும். கடிகாரம், வானொலி, கண்ணாடி ஏற்றும் அமைப்பு ஆகியவற்றை மறுபடி சீர்செய்ய வேண்டிவரலாம். மின் பூட்டு மட்டுமே உள்ள டிக்கிக்குள் பேட்டரி இருந்தால், கழற்றியபின் டிக்கியை அழுத்தி மூடிவிடாமல் இருக்கும் அளவுக்கு நிதானம் வேண்டும். சூரியத் தகடு இன்னொரு வழி. முன்கண்ணாடிக்குப் பின்னால் வைக்கும் 1.5 வாட் தகடு, நல்ல வெயிலில் 100 மில்லி ஆம்பியர் தந்து நாளுக்கு நான்கைந்து மணி நேரம் அப்படியே தந்தாலும் அரை ஆம்பியர்-மணிதான் சேரும். காரின் இழுப்பில் பாதிக்கு அது ஈடாகலாம், அவ்வளவுதான். 10 வாட் தகடும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவியும் இருந்தால் கணக்கு நேராகும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் தகடுகளை வாங்கும் முன், காரை அணைத்த பிறகும் அந்தத் துளை பேட்டரியோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பல கார்களில் இணைந்திருப்பதில்லை.

மின்கார்களும் ஹைபிரிட் கார்களும் இதற்கு விலக்கு என்று எண்ணுவதற்கில்லை. அவற்றிலும் 12 வோல்ட் துணை பேட்டரி உண்டு. உயர் அழுத்தப் பேட்டரியை இணைக்கும் தொடர்பியை மூடுவதற்கு அதுதான் மின்சாரம் தர வேண்டும். துணை பேட்டரி இறங்கிவிட்டால், கீழே இருக்கும் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் உயிர் பெறாது. சில மாதிரிகள் பெரிய பேட்டரியிலிருந்து சிறியதை அவ்வப்போது தாமே நிரப்பிக்கொள்கின்றன, எல்லாம் அப்படியல்ல.

மெயின்டெய்னர் தன் வேலையைச் செய்கிறதா என்று அறிய, அதைக் கழற்றிப் பன்னிரண்டு மணி நேரம் காரைத் தொடாமல் விட்டு அளக்க வேண்டும். கழற்றியவுடன் அளந்தால் தகட்டின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் மின்னூட்டம் பொய்யான உயர்வைக் காட்டும். மறுநாள் 12.6 இருந்தால் கவலையில்லை. நிறைந்துவிட்டது என்று மெயின்டெய்னரின் பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஒரே இரவில் 12.4-க்கு வந்துவிட்டால், கார் மிகையாக இழுக்கிறது அல்லது பேட்டரி தளர்ந்துவிட்டது. இரண்டில் எது என்பதை, ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பது பெரும்பாலும் காட்டிவிடும். சாதாரண வெப்பநிலையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி கொள்ளளவை இழந்திருக்கிறது. அந்த நிலையில் பச்சை விளக்குக்குப் பொருள், எஞ்சியிருக்கும் சிறு கொள்ளளவு நிறைந்திருக்கிறது என்பது மட்டுமே. மாற்றுவதைத் தவிர வழியில்லை. மாற்றும் புதிய பேட்டரியும் கடை அலமாரியில் மாதக்கணக்கில் இருந்து ஓரளவு இறங்கியே வந்திருக்கக்கூடும் என்பதால், பொருத்திய அன்றே ஒரு முழு இரவு மெயின்டெய்னரில் விட்டுவிட்டு, அதன்பின் காரை எடுப்பது நல்லது.